கையடக்க ஜிபிஎஸ் வாங்கலாமா, போனே போதுமா? ஜியோகேச்சிங் போகிறவர்கள் சொல்லுங்கள்

#1 காட்டுப்பாதை

வணக்கம் நண்பர்களே. எட்டு மாதமாக ஜியோகேச்சிங் போகிறேன். (தெரியாதவர்களுக்கு: ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவை, அவர் இணையத்தில் போட்ட இட எண்ணை வைத்து ஜிபிஎஸ்ஸால் தேடிப் பிடிக்கிற விளையாட்டு. அந்த டப்பாதான் கேச், உள்ளே பெயர் எழுத ஒரு பதிவேடு இருக்கும்.) 63 கேச் எடுத்தாயிற்று, அத்தனையும் போனை வைத்துத்தான். பூங்கா, பாலம், தெருமுனை என்று ஊருக்குள் இருக்கிற கேச்களுக்குப் போன் ஒரு குறையும் வைக்கவில்லை.

போன வாரம் முதல் முறையாக அடர்ந்த காட்டுக்குள் ஒரு கேச் தேடிப் போனேன். தேடுவதன் கடினம் 2, நிலப்பரப்பின் கடினம் 3.5, இரண்டும் ஐந்துக்கு. பாதி வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. திரையில் விழுந்த ஒவ்வொரு துளியையும் விரல் என்று எடுத்துக்கொண்டு போன் தன் பாட்டுக்கு வரைபடத்தை இழுத்தது, பெரிதாக்கியது, வேறு கேச்சைத் திறந்தது. சட்டையில் துடைத்துத் துடைத்து நடந்தேன். இலக்கு 9 மீட்டர் என்று காட்டும், நின்று பார்ப்பதற்குள் 31 மீட்டர் என்று மாறி அம்பு முதுகுப் பக்கம் திரும்பிவிடும். இரண்டு மணி நேரம் அந்த ஒரே சரிவில் சுற்றினேன். கிளம்பும்போது 90 விழுக்காடு இருந்த பேட்டரி 14-க்கு இறங்கியதும், திரும்பி வர வழி தெரிய வேண்டுமே என்று தேடலை விட்டுவிட்டேன். கிடைக்கவில்லை என்று பதிவு போட்டேன்.

அதனால் கையடக்க ஜிபிஎஸ் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன். தொடுதிரையா, பொத்தானா? மின்னணுத் திசைகாட்டி உள்ள மாடல் அவசியமா? இன்னொன்று, இந்த ஆண்டு நானே ஒரு கேச் ஒளித்து வைக்க ஆசை. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.


#2 இரண்டாம்வளைவு

அவசரப்பட்டு வாங்காதீர்கள். போனைக் கொஞ்சம் சரியாகப் பயன்படுத்திப் பாருங்கள்.

காட்டுக்குள் சிக்னல் இல்லாத இடத்தில் பேட்டரியைக் குடிப்பது பெரும்பாலும் ஜிபிஎஸ் இல்லை. டவர் கிடைக்காமல் போன் விடாமல் தேடிக்கொண்டே இருக்கிறதே, அதுவும் திரையின் வெளிச்சமும்தான். விமானப் பயன்முறையில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஜிபிஎஸ் என்பது வானத்திலிருந்து வருவதைக் கேட்பது மட்டுமே, போன் திருப்பி எதையும் அனுப்ப வேண்டியதில்லை. கிளம்பும் முன் வரைபடத்தையும் கேச் விவரங்களையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பவர் பேங்க் போதும்.

துல்லியத்திலும் போன் முன்பு போல இல்லை. 2018-ல் ஷாவ்மி மி 8 இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் ஜிபிஎஸ்ஸோடு வந்தது. இப்போது பல போன்களில் அந்த வசதி இருக்கிறது. உங்கள் போனில் உண்டா என்று முதலில் பாருங்கள்.

மழைக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.


#3 முள்திசை

தம்பி, நான் 2006-லிருந்து கையடக்கக் கருவி வைத்திருக்கிறேன். என் பக்கத்தைச் சொல்கிறேன்.

இந்த விளையாட்டு பிறந்ததே இந்தக் கருவிகளால்தான். 2000 மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்தியதும் ஒரே இரவில் எல்லாக் கருவிகளும் துல்லியமாகிவிட்டன. இரண்டே நாளில், மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்து, இடத்தின் கோஆர்டினேட்டை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை, இணையத்தில் போட்டார். அதுதான் முதல் கேச். அன்று எல்லாருடைய கையிலும் இருந்தது பொத்தான் வைத்த, பேட்டரி மாற்றுகிற கருவிதான். இன்றைக்கும் காட்டில் எனக்கு வேண்டியது அந்த இரண்டும்தான்.

பொத்தான் ஏன் என்றால், ஈரக் கையோடும் கையுறையோடும் திரையைப் பார்க்காமலே அழுத்தலாம். என் கட்டைவிரலுக்கு எந்தப் பொத்தான் எங்கே என்று தெரியும். ஏஏ பேட்டரி ஏன் என்றால், தீர்ந்ததும் பையிலிருந்து இரண்டை எடுத்துப் போட்டு ஒரே நிமிடத்தில் நடையைத் தொடரலாம். குளிரில் சாதாரண ஆல்கலைன் சீக்கிரம் துவண்டுவிடும், அப்போது லித்தியம் ஏஏ போடுங்கள். மற்ற நாட்களுக்கு ரீசார்ஜ் செய்கிற நிக்கல் வகை போதும். ஆனால் கருவியின் அமைப்புகளில் எந்த வகை பேட்டரி என்று மாற்றிச் சொல்லிவிடுங்கள். நிக்கல் 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5. இதைச் சொல்லாவிட்டால் பேட்டரி அளவு தப்பாகக் காட்டும், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தீர்ந்துவிட்டது என்று எச்சரிக்கும்.

வெயிலில் பாருங்கள், வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். இந்தக் கருவிகளின் திரை வெளியிலிருந்து விழுகிற வெளிச்சத்தையே திருப்பித் தருகிற வகை. வெயில் ஏற ஏற நன்றாகத் தெரியும், பின்விளக்கே தேவையில்லை. பேட்டரி நீடிப்பதற்கும் இதுதான் பெரிய காரணம்.

மாடல் கேட்டீர்கள். கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் 2019-ல் வந்தவை. கையில் அடங்கும் அளவு, 2.2 அங்குல வண்ணத் திரை, இரண்டு ஏஏ-யில் 25 மணி நேரம் என்கிறார்கள். 32எக்ஸில் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் கூடுதல். 2023-ல் வந்த இட்ரெக்ஸ் எஸ்இ கறுப்பு வெள்ளைத் திரை, விரிவான வரைபடம் போட முடியாது, ஆனால் பேட்டரி 168 மணி நேரம். போனோடு ப்ளூடூத்தில் இணைத்தால் கேச் விவரம் நேரடியாக வந்துவிடும். பெரிய கருவி வேண்டுமென்றால் ஜிபிஎஸ்மேப் வரிசை. அதில் 65எஸ் ஏஏ-யில் ஓடும், இரண்டு அலைவரிசை கேட்கும். 67-ல் உள்ளேயே ரீசார்ஜ் பேட்டரி, 180 மணி நேரம்.

உங்களுக்கு நான் சொல்வது 32எக்ஸ் அல்லது 65எஸ். பழையது நல்ல நிலையில் கிடைத்தாலும் தயங்காமல் எடுங்கள்.


#4 காட்டுப்பாதை

மிக்க நன்றி முள்திசை அண்ணா. இரண்டாம்வளைவு, விமானப் பயன்முறை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நேற்றே சோதித்தேன், மூன்று மணி நேரத்தில் 20 விழுக்காடுதான் இறங்கியது.

22எக்ஸுக்கும் 32எக்ஸுக்கும் நடுவில்தான் இப்போது நிற்கிறேன். திசைகாட்டிக்காகக் கூடுதல் செலவு செய்வது சரியா? யாராவது இரண்டையும் வைத்துத் தேடியிருக்கிறீர்களா?


#5 கல்லிடுக்கு

நான் தேடியிருக்கிறேன். நான்கு ஆண்டுகள் திசைகாட்டி இல்லாத கருவி, அப்புறம் இருக்கிற கருவி.

திசைகாட்டி இல்லாத கருவிக்கு நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பது தெரியாது. நடந்தால் மட்டும், போன இடத்தையும் வந்த இடத்தையும் ஒப்பிட்டுத் திசையைக் கணக்குப் போடும். பாதையில் வேகமாக நடக்கும்போது இதில் ஒரு தொந்தரவும் இல்லை. கடைசி 20 மீட்டரில்தான் சிக்கல். அங்கே நீங்கள் நிற்பீர்கள், குனிவீர்கள், ஒரு மரத்தைச் சுற்றுவீர்கள். கருவி சொல்லும் இடம் தானாகவே இரண்டு மூன்று மீட்டர் அசையும். அந்த அசைவையே நடை என்று எடுத்துக்கொண்டு அம்பைச் சுழற்றிவிடும். போனில் திசைகாட்டி இருந்தும் உங்களுக்கு அம்பு சுழன்றதற்கு இடம் தாவியதுதான் காரணம். 9 மீட்டர் தூரத்தில் இருக்கிற இலக்கு, நீங்கள் இருக்கும் இடமே 20 மீட்டர் தாவினால், முன்னால் இருந்து பின்னால் போகத்தானே செய்யும்?

ஆகவே திசைகாட்டி வாங்கினாலும் அந்தக் கடைசி வட்டத்துக்குள் அம்பைத் துரத்தாதீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். 25 மீட்டர் தூரத்தில், வானம் கொஞ்சம் திறந்த இடமாகப் பார்த்து நிற்பேன். கருவியை அசையாமல் பிடித்து ஒரு நிமிடம் விடுவேன். எண் அடங்கியதும் அம்பு எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் என்று பார்த்து அந்த நேர்கோட்டில் ஒரு மரத்தையோ பாறையையோ கண்ணால் குறித்துக்கொள்வேன். அப்புறம் அரை வட்டமாகச் சுற்றி, கிட்டத்தட்டச் செங்குத்தாக இன்னொரு பக்கத்திலிருந்து அதையே செய்வேன். முடிந்தால் மூன்றாவது பக்கத்திலிருந்தும். கோடுகள் வெட்டுகிற இடத்தைச் சுற்றித்தான் தேட ஆரம்பிப்பேன், அப்போது கருவி கழுத்தில் தொங்கும்.

இந்த முறைக்கு நின்ற இடத்திலேயே திசை தெரிய வேண்டும். அதனால்தான் திசைகாட்டி வேண்டும் என்கிறேன். பேட்டரி மாற்றியதும் அதைச் சீரமைக்க மறக்க வேண்டாம், கருவி சொல்கிற மாதிரி மூன்று அச்சிலும் மெதுவாகச் சுற்றினால் போதும். காந்தம் வைத்த போன் உறை பக்கத்தில் இருந்தால் முள் தப்பாகக் காட்டும். காந்தத்தோடு ஒட்டி வைத்த நானோ கேச் (மிகச் சிறிய டப்பா) கைக்கு வந்தபின் கருவிக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.


#6 பாசிப்பச்சை

இடம் ஏன் தாவுகிறது என்று கொஞ்சம் சொன்னால் கருவி தேர்ந்தெடுக்கவும் உதவும்.

செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் தூரம் கணக்கிடப்படுகிறது. நேரத்தில் ஒரு நானோநொடி தவறினால் தூரத்தில் 30 சென்டிமீட்டர் தவறும். பாறைச் சுவரிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பி வருகிற சிக்னல் கொஞ்சம் தாமதமாக வரும், கருவி அதையும் நேராக வந்ததோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும். அடர்ந்த மரங்கள், குறிப்பாக இலைகள் நனைந்திருக்கும்போது, நேராக வருகிற சிக்னலை மங்கவைத்துவிடும். நீங்கள் சொன்ன சரிவில் இரண்டும் நடந்திருக்கும்.

இரண்டாவது அலைவரிசையான எல்5 உதவுவது இங்கேதான். பழைய எல்1 சிக்னலின் குறியீட்டில் ஒரு துண்டின் நீளம் சுமார் 293 மீட்டர், எல்5-ல் 29 மீட்டர். துண்டு சிறியதாக இருக்க இருக்க, நேராக வந்தது எது, தெறித்து வந்தது எது என்று பிரிப்பது எளிது. பள்ளத்தாக்கிலும் பாறைக்கு அடியிலும் அதிகம் தேடுகிறவர்களுக்கு 65எஸ் மாதிரிக் கருவிக்கு நான் வாக்களிப்பேன்.

பிடிக்கிற விதமும் முக்கியம். ஜிபிஎஸ்மேப் வரிசையில் தலைக்கு மேல் குட்டையாக ஒரு ஆண்டெனா நீட்டிக்கொண்டிருக்கும், அதை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். இட்ரெக்ஸில் ஆண்டெனா தட்டையாக உள்ளே இருக்கிறது, திரை வானத்தைப் பார்க்கக் கிடத்திப் பிடிக்க வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்துவிட்டுக் கருவியைக் குறை சொல்கிறார்கள்.

அப்புறம் அந்த "துல்லியம் ±3 மீட்டர்" என்கிற எண். அது கருவி தன்னைப் பற்றிப் போட்டுக்கொள்ளும் மதிப்பீடு. 3 மீட்டருக்குள்தான் இருக்கிறீர்கள் என்று அது உறுதி கொடுக்கவில்லை. கேச் வைத்தவரின் கருவியிலும் இதே மாதிரிப் பிழை இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு 5 மீட்டர் கிழக்கே, உங்களுக்கு 5 மீட்டர் மேற்கே என்றால் 10 மீட்டர் ஆகிவிட்டது. கேச் பக்கத்தில் வருகிற கோஆர்டினேட்டுமே நிமிடத்தின் மூன்றாவது தசமம் வரைக்கும்தான். வடக்கு தெற்காக 0.001 நிமிடம் என்பது 1.85 மீட்டர். அதற்கும் நுணுக்கமாக அந்த எண்ணால் சொல்லவே முடியாது.


#7 இரண்டாம்வளைவு

கோஆர்டினேட் பேச்சு வந்ததால் என் அனுபவம் ஒன்று. ஓர் இடத்தில் கிடைக்கும் தகவலை வைத்து அடுத்த இடத்துக்குப் போகிற பல்கட்டக் கேச் ஒன்றில் அடுத்த இடத்தின் எண்ணைக் கையால் போட்டுவிட்டு நடந்தேன். அம்பு ஒரு வேலிக்கு அப்பால் வயல் நடுவைக் காட்டியது. குறிப்பிலோ பழைய கிணறு என்று இருந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது, என் செயலி பாகை, நிமிடம், விநாடி வடிவத்தில் இருந்திருக்கிறது.

புதியவர்களுக்காக எண்ணோடு சொல்கிறேன். கேச் பக்கத்தில் 45° 20.500' என்று இருந்தால் அது 45 பாகை, இருபதரை நிமிடம். அதையே 45° 20' 50.0" என்று போட்டால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். 45.20500 என்று தசமப் பாகையாகப் போட்டால் 15 கிலோமீட்டர் தள்ளி நிற்பீர்கள். கருவி வாங்கியதும் முதல் வேலையாக இட வடிவத்தைப் பாகை, தசம நிமிடம் என்று வையுங்கள், டேட்டம் (எண்களுக்கு அடிப்படையான பூமி அளவு முறை) டபிள்யூஜிஎஸ் 84.


#8 காட்டுப்பாதை

வாங்கிவிட்டேன்! நம் குழுவில் ஒருவர் பெரிய கருவிக்கு மாறியதால் அவருடைய 32எக்ஸ் எனக்கு வந்தது. திரையில் ஒரு கீறல், மற்றபடி நன்றாக இருக்கிறது.

கேச்களை ஏற்றுவதில் ஒரு சந்தேகம். கோஆர்டினேட்டைக் கையால் போட்டால் வெறும் புள்ளியாக வருகிறது. விவரமும் குறிப்பும் கருவியிலேயே தெரிய என்ன செய்ய வேண்டும்? அப்புறம், முதல் முறை ஆன் செய்தபோது இடத்தைப் பிடிக்க ரொம்ப நேரம் எடுத்தது. பழுதோ என்று பயமாக இருக்கிறது.


#9 முள்திசை

வாழ்த்துகள் தம்பி. பழுது ஒன்றும் இல்லை. பல நாள் அணைத்து வைத்த கருவி, அல்லது தொலைவான இடத்திலிருந்து வந்தது, எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற பழைய கணக்கை வைத்துக்கொண்டு தேடும். முழு அட்டவணையும் வானத்திலிருந்து இறங்க 12.5 நிமிடம் ஆகும். திறந்த வெளியில் கால் மணி நேரம் ஆன் செய்து வைத்துவிடுங்கள். அடுத்த முறை சட்டென்று பிடிக்கும். வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் ஆன் செய்து கூரை மேல் வைத்துவிட்டு அப்புறம் காலணியைக் கட்டுவது என் பழக்கம்.

இன்னும் பழைய கருவி வாங்குகிறவர்கள் தேதியையும் பாருங்கள். ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரல் 6-ல் நடந்தது. மென்பொருள் புதுப்பிக்காத சில பழைய கருவிகள் இருபது ஆண்டு பின்னால் போய்த் தேதி காட்டும். இடம் பெரும்பாலும் சரியாகவே வரும், நடைப்பதிவில் தேதி மட்டும் கெட்டுவிடும்.

கேச் ஏற்ற ஜிபிஎக்ஸ் கோப்பு வேண்டும், அதாவது இடங்களையும் அவற்றின் விவரங்களையும் சேர்த்து வைக்கிற கோப்பு. ஜியோகேச்சிங் தளத்தில் கட்டண உறுப்பினர் என்றால் பாக்கெட் குவெரி எடுக்கலாம், பல கேச்களை ஒரே கோப்பில் தருவது அது, ஒன்றுக்கு 1000 கேச் வரை. கருவியைக் கணினியில் செருகினால் பென்டிரைவ் மாதிரித் தெரியும். கார்மின் என்ற கோப்புறைக்குள் ஜிபிஎக்ஸ் என்ற கோப்புறை, அதில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. விவரம், கடினம், நிலப்பரப்பு, அளவு, குறிப்பு, கடைசிப் பதிவுகள் எல்லாம் கேச் பட்டியலில் வரும். குறிப்பை மட்டும் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள், தேடுகிற சுகத்தில் பாதி அங்கே இருக்கிறது.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவசப் பொது வரைபடத்திலிருந்து செய்த வரைபடத்தை மைக்ரோஎஸ்டி அட்டையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒற்றையடிப் பாதைகள் அதில் அருமையாக வரும். நேர்கோட்டு அம்பை மட்டும் நம்பி நடந்தால் ஓடையின் தப்பான கரையில் போய் நிற்பீர்கள்.


#10 கல்லிடுக்கு

காட்டுப்பாதை, கேச் ஒளிப்பது பற்றி முதல் பதிவிலேயே கேட்டிருந்தீர்கள். நல்ல கருவி உண்மையில் தேவைப்படுவது ஒளிப்பவருக்குத்தான் என்பது என் உறுதியான எண்ணம். தேடுகிறவரின் பிழை அவரோடு, அன்றோடு போய்விடும். நீங்கள் தப்பாகப் போட்ட எண்ணோ, வருகிற ஒவ்வொருவரையும் பல ஆண்டுகளுக்கு அலைய வைக்கும், தேவையில்லாத இடத்தில் செடியையும் மிதிக்க வைக்கும்.

ஒரே தடவை நின்று குறித்துவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் கருவியில் வேபாயிண்ட் சராசரி என்று ஒரு வசதி இருக்கிறது, ஒரே இடத்தைப் பல தடவை அளந்து சராசரி எடுக்கும். கேச் வைக்கும் இடத்தின் மேலேயே கருவியை வைத்து ஒரு முறை அளவு எடுங்கள். ஒன்றரை மணி நேரமாவது கழித்து, அல்லது வேறொரு நாளில், மறுபடி எடுங்கள். செயற்கைக்கோள்கள் இடம் மாறியிருக்கும், தெறிப்பும் மாறியிருக்கும். நான்கிலிருந்து எட்டு தடவை என்பது நல்ல கணக்கு. ஒரே சமயத்தில் பத்து நிமிடம் நின்று எடுத்த சராசரி இதற்கு ஈடாகாது, அந்தப் பத்து நிமிடமும் ஒரே பிழைதான் திரும்பத் திரும்ப வரும்.

எடுத்து முடித்ததும் புது ஆள் மாதிரி 100 மீட்டர் தள்ளிப் போய், அந்த எண்ணைப் போட்டு நீங்களே தேடி வாருங்கள். வேறு வேறு பக்கத்திலிருந்து இரண்டு தடவை. பக்கத்துக் கேச்சிலிருந்து 161 மீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் தளத்தில் வெளியிடும் முன் நடக்கிற மதிப்பாய்வில் திரும்பிவிடும். நிலத்துக்காரரின் அனுமதியும் அப்படியே.


#11 காட்டுப்பாதை

எடுத்துவிட்டேன்! அதே சரிவு, அதே கேச். இந்த முறையும் வானம் மூடித்தான் இருந்தது.

கல்லிடுக்கு அக்கா சொன்னபடியே செய்தேன். மேல் பக்கம் மரம் குறைவான ஒரு பாறை மேல் நின்று கருவியைக் கிடத்திப் பிடித்தேன். 22 மீட்டர், 24, 23 என்று அடங்கியது. அம்பு நேரே ஒரு இரட்டைத் தண்டு மரத்தைக் காட்டியது. சுற்றிப் போய்க் கீழ்ப் பக்கத்திலிருந்து பார்த்தபோது கோடு அந்த மரத்துக்கு இடப்பக்கம் விழுந்த ஒரு கட்டையைத் தொட்டது. கருவியைக் கழுத்தில் விட்டுவிட்டு அந்த இரண்டுக்கும் நடுவில் தேடினேன். கட்டையில் இல்லை, மரத்திலும் இல்லை. வட்டத்தை இன்னும் கொஞ்சம் விரித்தபோது ஒரு வேருக்கு அடியில் மூன்று தட்டையான கல் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தது. காட்டில் கல் அப்படித் தானாக அடுக்கிக்கொள்ளாது. பின்னால் பச்சை மூடி போட்ட டப்பா. உள்ளே பதிவேடு காய்ந்து சுத்தமாக இருந்தது, பெயர் எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது.

போன தடவை இரண்டு மணி நேரம் சுற்றிய இடம் அங்கிருந்து பத்தடிதான் தள்ளி. பாசிப்பச்சை சொன்னது நினைவுக்கு வந்ததால், டப்பா இருந்த இடத்தில் கருவியை வைத்து அளவு எடுத்தேன், மறுநாளும் போய் இன்னும் இரண்டு தடவை எடுத்தேன். கொடுத்திருந்த எண்ணிலிருந்து வடக்கே 0.006, கிழக்கே 0.004 நிமிடம் வித்தியாசம், ஏறக்குறைய 12 மீட்டர். என் பதிவில் அந்த எண்ணையும் எழுதினேன். வைத்தவர் அன்று மாலையே நன்றி சொல்லி, தானும் ஒருமுறை அளந்து பார்த்துத் திருத்துவதாக எழுதியிருக்கிறார்.

என் சொந்தக் கேச்சுக்கு இடம் பார்த்தாயிற்று, அனுமதியும் வாங்கியாயிற்று. பக்கத்துக் கேச் 240 மீட்டர் தூரம். மூன்று அளவு எடுத்திருக்கிறேன், மூன்றும் 4 மீட்டருக்குள் வருகின்றன. நான்காவதுக்கு நாளைக் காலை போகிறேன்.


#12 பாசிப்பச்சை

நாளை மழை பெய்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். நனைந்த இலைக்கு அடியில் ஓர் அளவு உங்கள் சராசரியில் இருப்பது நல்லது, தேடி வருகிறவர்களும் மழையில் வருவார்கள்.